ரெண்டு நீல ரைட்டு

"ஹைப்ரிட்" என்ற சொல்லைக் கோயமுத்தூர்த் தம்பி சொல்லி முடிப்பதற்குள், பின்வரிசையிலிருந்து எங்கள் காரட்டுக்காரர் கையைத் தூக்கிவிட்டார்.

"ஹைப்ரிட்டுங்களா தம்பி? அது வேண்டாமுங்க. போன தடவை ஹைப்ரிட் காரட்டு போட்டேன். நீளமா, செவேல்னு, பாக்க நல்லாத்தான் வந்துச்சு. ஆனா அதுல விதை எடுத்து வெச்சு மறுபடியும் போட முடியாதுங்க. ஒவ்வொரு தடவையும் கடைக்குத்தான் போகோணும். படிப்பும் அப்படி ஆயிருச்சுன்னா என்னங்க பண்றது?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். தம்பியின் முகம் சுருங்கியதைப் பார்த்த பிறகும் நிறுத்தவில்லை. ஏனென்றால் அவன் சொல்ல வந்த விஷயம் எனக்கு அடியோடு பிடிக்கவில்லை. வாரத்தில் நான்கு சாயங்காலம் நடக்கும் வகுப்பை ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளாகக் குறைத்துவிட்டு, மற்றதையெல்லாம் போனில் நடத்த வேண்டுமாம். பாதி நேரில், பாதி போனில். அதற்குத்தான் அந்தப் பெயர். எங்கள் மையத்தை நடத்துகிற அறக்கட்டளையிலிருந்து வந்தவன் அவன். நல்ல பிள்ளைதான். ஆனால் காதை மூடிய குல்லாயோடு ப்ரொஜெக்டர் வெளிச்சத்தில் நின்றுகொண்டு, பாடம் நடத்துவது எப்படி என்று எனக்கே சொல்லித்தந்தான். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும்.

"ஏன் தம்பி, பந்தியில உக்கார வெச்சு, பாதிச் சோறு இலையில, மீதிச் சோறு போன்லன்னு சொன்னா நீ சாப்பிடுவியா?" என்றேன்.

"மேடம், மாற்றம் ஒன்றுதான்..." என்று ஆரம்பித்தான்.

"மேடம் எல்லாம் வேண்டாம். டீச்சர்."

எங்கள் வகுப்பு ஊட்டியிலிருந்து எமரால்டு போகிற சாலையில் ஒரு சர்ச் ஹாலில் நடந்தது. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நான் அங்கே போய் ஒட்டிக்கொண்டேன். எட்டாம் வகுப்புப் பரீட்சையைத் தனித்தேர்வராக எழுதப் பெரியவர்கள் வருவார்கள். ஞாயிறு பள்ளிக் குழந்தைகளின் குட்டி நாற்காலிகளில் ஸ்வெட்டரும் சால்வையுமாக முழங்கால் மேலே முட்ட உட்கார்ந்திருப்பார்கள். மூடுபனி இறங்கிய நாட்களில் சாக்பீஸ் நமுத்துப்போய் போர்டில் வழுக்கும். இடைவேளையில் பிளாஸ்க் டீயும் வர்க்கி பிஸ்கட்டும். வர்க்கி உதிர்ந்து நோட்டு முழுக்கத் தூளாகிவிடும், நான் கத்துவேன், அவர்கள் ஊதித் தள்ளுவார்கள். எனக்கு அந்த ஹாலைவிடப் பிடித்த இடம் ஊட்டியில் வேறு கிடையாது. போர்டுக்கு முன்னால் நிற்கிறபோதுதான் நான் டீச்சர். வீட்டுக்குப் போனால் பென்ஷன் வாங்குகிற ஓர் அம்மா, அவ்வளவுதான்.

அங்கே வந்தவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் இருந்தது. காரட்டுக்காரருக்கு, காலேஜ் போகிற மகள் முன்னால் தானும் ஒரு சர்டிபிகேட்டை ஆட்டிக் காட்ட வேண்டும் என்ற வீம்பு. ஆனால் ஒருத்திக்கு மட்டும் அந்தப் பரீட்சை பிழைப்பு.

பக்கத்து எஸ்டேட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். கொழுந்து பறிக்கப் போகும் அம்மாக்கள் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடத்தை எஸ்டேட் ஆபீசில் கிரெச் என்பார்கள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் சிலோனிலிருந்து வந்தவர்கள். அங்கே சொன்னபடியே அவள் வாயிலும் அது பிள்ளைக்காம்பரா. அதனால் வகுப்பில் எல்லோருக்கும் அவள் காம்பராக்கா. அங்கே அவளுக்கு ஹெல்ப்பர் வேலை. பெரிய ஆயா ஓய்வு பெறப்போகிறார், அந்த இடம் எட்டாவது பாஸ் செய்தவர்களுக்குத்தான் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். பாஸ் ஆனால் அவள்தான் ஆயா. ஆகாவிட்டால் வேறு யாரையாவது போடுவார்கள், அன்றைக்கே இவள் கூடையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் கொழுந்துக்குப் போக வேண்டும். சரிவில் விழுந்து முழங்கால் கெட்டுப்போனதால்தான் அவளைக் காம்பராவுக்கே மாற்றியிருந்தார்கள்.

"முழங்காலு வலியைக்கூடப் பொறுத்துக்குவேன் டீச்சர்," என்று ஒருமுறை சொன்னாள். "அந்தப் புள்ளைங்க வேற ஆளு கையால சாப்பிடுமான்னுதான் இருக்கு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "காலையில பெரட்டுல பேரு கூப்பிடுவாங்க இல்ல, எல்லாரையும் நிப்பாட்டி? எம் பேருக்கு அப்புறம் ஹெல்ப்பருன்னு சொல்லுவாங்க. ஒரு நாளாவது ஆயான்னு கூப்பிட்டுக் கேட்டுரணும்," என்றாள்.

இவ்வளவு வேண்டியிருந்தும் வகுப்புக்கு ஒழுங்காக வராதவளும் அவள்தான். கொழுந்தை எடை போட்டுவிட்டு அம்மாக்கள் வந்து பிள்ளைகளைத் தூக்கிப் போகும்வரை அவளால் நகர முடியாது. அதற்குப் பிறகு ஓடிவந்தால் பாதி வகுப்பு முடிந்திருக்கும். கடைசி பஸ்ஸைப் பிடிக்க மறுபடியும் பாதியில் எழுந்து ஓடுவாள். இடையில் வழியில் காட்டுமாடு வேறு.

"இன்னிக்கும் காட்டுமாடு மறிச்சிருச்சுங்க டீச்சர். ரோட்டு நடுவுல நின்னுட்டு நகரவே இல்ல."

"அதையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே. ரெண்டு பேரும் சேந்து எட்டாவது எழுதியிருக்கலாம்."

அவளும் சிரிப்பாள். ஆனால் நான் பாதி நிஜமாகவே சொன்னேன்.

தம்பி வந்த அன்றைக்கும் அவள் தாமதமாகத்தான் உள்ளே வந்தாள். விஷயம் என்ன என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, நான் பந்திச் சோறு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் எழுந்து நின்றாள்.

"டீச்சர், போன்லன்னா நான் எல்லா நாளும் வருவேனுங்க."

தம்பிக்கு முகம் மலர்ந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் நான் போர்டை அழிக்க ஆரம்பித்தேன்.

அப்படித்தான் என் சமையலறை வகுப்பறை ஆனது. கோதுமை மாவு டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் தாளை ஒட்டி, பின்னம் நடத்தினேன். தொகுதி மேலே, பகுதி கீழே. முதல் நாள் எடுத்த வீடியோவில் பாதிக்கு மேல் என் நெற்றி மட்டும்தான் தெரிந்தது. இன்னொன்றில் அடுப்பில் குக்கர் இருந்ததை மறந்துவிட்டேன். நான் பின்னத்தை விளக்க, அது விசில் அடிக்க, நான் அதைத் திட்ட, எல்லாம் பதிவாகிவிட்டது. மறுபடி எடுக்கப் பொறுமையில்லாமல் அப்படியே அனுப்பிவைத்தேன்.

அடுத்த நாள், வகுப்புக்கென்று போனில் தொடங்கிய குழுவில் காரட்டுக்காரரின் குரல் வந்தது. காரட் கழுவுகிற இடத்தில்தான் அவருக்கு டவர் எடுக்கும், அதனால் அவர் எது பேசினாலும் பின்னால் மெஷின் இரைச்சல் இருக்கும். "டீச்சர், மூணாவது விசிலுக்கு முன்னாடி சொன்னது புரிஞ்சுதுங்க. அதுக்கு அப்புறம் சொன்னதுதான் வெளங்கல. தொகுதி தொகுதின்னு சொல்றீங்களே, அது எம்.எல்.ஏ. தொகுதிங்களா?"

அதன் பிறகு விசில் எங்களுக்கு ஓர் அடையாளம் ஆகிவிட்டது. விசிலுக்கு முன், விசிலுக்குப் பின் என்றே பேசிக்கொண்டார்கள். நானும் வேண்டுமென்றே குக்கரை வைத்துவிட்டுப் பாடம் எடுக்க ஆரம்பித்தேன். பிடிக்காது பிடிக்காது என்று சொல்லிக்கொண்டே எனக்கு அது பிடித்துப்போய்விட்டது.

பாடம் கேட்டதும் கணக்கைப் போட்டுப் படம் எடுத்து எனக்குத் தனியாக அனுப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நோட்டைக் கொண்டுவந்தால் நான் சிவப்புப் பேனாவால் திருத்துவேன். இதுதான் ஏற்பாடு. காம்பராக்காதான் எல்லோருக்கும் முன்னால் அனுப்புவாள். ஒருநாளும் தவறியதில்லை. நான் திறந்து பார்ப்பேன். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலே இருப்பதை மேலே இருப்பதோடும் கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதியிருப்பாள். எல்லோரும் முதலில் செய்கிற தப்புதான், ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவிடுவேன். ஆனால் அந்த மாதங்களில் மழையும் வெயிலும் மாறி மாறி அடித்துக் கொழுந்து கிளம்பிவிட்டது. எஸ்டேட்டில் ஞாயிற்றுக்கிழமையும் பறிப்பு. அம்மாக்கள் வேலைக்குப் போனால் காம்பராவும் திறந்திருக்க வேண்டும். அவளால் ஒரு ஞாயிறும் வர முடியவில்லை.

நடுவில் எனக்கு ஜுரம் வந்து இரண்டு மூன்று நாள் போனைத் தொடவே இல்லை. எழுந்து பார்த்தபோது அவள் ஒரே கணக்கை மறுபடி மறுபடி போட்டு அனுப்பியிருந்தாள். ஒவ்வொன்றிலும் விடை வேறு வேறு. பாவம், ஆர்வக்கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.

பரீட்சைக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது மாதிரித் தேர்வு வைத்தோம். அதற்கு மட்டும் அவள் லீவு கேட்டு வந்திருந்தாள். நேரத்துக்கு வந்தாள், நல்ல சேலை, தலையில் பூ. குட்டி நாற்காலியில் உட்கார்ந்து யார் முகத்தையும் பார்க்காமல் மளமளவென்று எழுதினாள். அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

அங்கேயே திருத்தினேன். கணக்கில் பின்னம் வந்த இடமெல்லாம் தப்பு. பக்கம் பக்கமாகச் சிவப்பு.

"என்னம்மா இது? இத்தனை நாள் போட்டு அனுப்பின கணக்குத்தானே?" என்று தாளை நீட்டினேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டிருப்பேன்.

அவள் தாளைப் பார்த்தாள். முகத்தில் பயம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. "ஆமாங்க டீச்சர். அதேதான். நீங்கதானே எல்லாத்துக்கும் ரைட்டு போட்டீங்க?"

"நான் எப்பப் போட்டேன்?"

பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினாள். அவள் அனுப்பிய படங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு படத்தின் கீழே, ஓரத்தில், குட்டியாக இரண்டு நீல டிக்.

"இங்க பாருங்க. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ரைட்டு."

எனக்கு முதலில் புரியவில்லை. அவளே விளக்கினாள், நிதானமாக, எனக்குத்தான் போன் தெரியாது என்பதுபோல. அனுப்பியதும் ஒரு ரைட்டு சாம்பல் கலரில் வரும். அது கணக்கு போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் இரண்டாகும், டீச்சர் கைக்குப் போய்விட்டது. டீச்சர் பார்த்து, சரியாக இருந்தால் நீலமாக்குவார். தப்பாக இருந்தால் சாம்பலாகவே விட்டுவிடுவார்.

"ஒரே ஒரு தடவைதான் டீச்சர் நீலமாகலை. ரெண்டு நாள் ஆச்சு. தப்புன்னு தெரிஞ்சு, வேற வேற மாதிரி போட்டுப் போட்டு அனுப்பினேன். மூணாம் நாள் எல்லாமே நீலமாச்சு. எப்படிப் போட்டாலும் சரிதான் போலன்னு நெனச்சுக்கிட்டேன். அப்பத்தான் நிம்மதி."

என் ஜுரத்தை அவள் தன் தப்பு என்று நினைத்திருக்கிறாள்.

பின்வரிசையில் காரட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "ஏனுங்க டீச்சர், அப்ப நீலம்னா ரைட்டு இல்லீங்களா?" இன்னும் இரண்டு பேர் போனைத் திறந்து பார்த்துவிட்டு மெதுவாக மூடிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் டிக் என்றால் ரைட்டு. ரைட்டைத் தவிர வேறு எதற்கு டீச்சர் டிக் போடுவார்? அவர்கள் நினைத்ததில் என்ன தப்பு? வகுப்பு முழுக்க இத்தனை நாளும் நீல ரைட்டை நம்பிப் படித்திருக்கிறது.

தம்பிக்கு அங்கேயே போன் போட்டேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்துவிட்டாய் என்றேன். அவன் என்ன விஷயம் என்று கேட்கக்கூட இடம் கொடுக்கவில்லை. ஹைப்ரிட் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், நாளையிலிருந்து பழையபடி நான்கு சாயங்காலமும் இதே ஹாலில் வகுப்பு என்று சொல்லி வைத்துவிட்டுத் திரும்பினால், காம்பராக்கா தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப என்னை விட்டுருங்க டீச்சர்."

"எங்க விடறது? உனக்காகத்தான் இத்தனை கத்தலும்."

"எனக்காகன்னா போன்லயே சொல்லித்தாங்க." முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்துப் பேசினாள். "இங்க வந்தா பாதிதான் கேக்க முடியும். புரியலைன்னா ரெண்டாவது தடவை கேக்க எனக்குப் பயம். நீங்க திட்டுவீங்க. போன்ல உங்களை எத்தனை தடவை வேணும்னாலும் திருப்பிப் போடுவேன். நீங்க கோவப்படாம அதையேதான் சொல்லுவீங்க. தப்பு போன்ல இல்ல டீச்சர். எனக்கு ரைட்டு எது, ராங்கு எதுன்னு சொல்லிட்டாப் போதும்."

யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. வலித்தது. ஆனால் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லையே. காரட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், சிரிப்பை மறைக்கத்தான்.

அந்த வாரமே தம்பி பஸ் ஏறி மலைமேல் என் வீட்டுக்கு வந்தான். திட்டு வாங்கத் தயாராக வந்த முகம். நான் உப்புமா கொடுத்தேன். அவன் என் போனை வாங்கி, அனுப்பிய படத்தின் மேல் விரலால் எழுதலாம் என்று காட்டினான். கலர்கூட மாற்றலாம்.

"செவப்பு இருக்கா?"

"இருக்கு டீச்சர்."

"இதை மொதல்லயே சொல்லியிருந்தா என்ன?"

"நீங்க பேச விடலையே," என்றான். அதுவும் நியாயம்தான். இன்னொரு கரண்டி உப்புமா போட்டேன்.

என் விரல் தடிமன். முதல் ரைட்டு புழு நெளிந்த மாதிரி வந்தது. ஆனாலும் சிவப்பு சிவப்புதான். அன்றையிலிருந்து ஒவ்வொரு கணக்கையும் அனுப்பிய அன்றே விரலால் திருத்தித் திருப்பி அனுப்பினேன். நீலம் என்றால் டீச்சர் பார்த்தாச்சு. சிவப்பு வந்தால்தான் ரைட்டு. இதைக் குழுவில் எல்லோரையும் ஒப்பிக்கச் சொன்னேன்.

காம்பராக்காவுக்கு அது மட்டும் போதாது. பின்னத்தை வேரிலிருந்து பிடுங்கி மறுபடியும் நட வேண்டியிருந்தது. எப்போது நேரம் கிடைக்கும் என்று கேட்டேன். மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்குகிற நேரம் மட்டும்தான் என்றாள். ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள் என்றேன். பெரிய ஆயாவே, "படி, நான் பாத்துக்கிறேன்," என்று சொல்லிவிட்டாராம். வீடியோ காலில் கூப்பிட்டாள். இருட்டான அறை, கயிற்றில் தொங்கும் தொட்டில்கள், போனுக்கு மிக அருகில் அவள் முகம்.

"டீச்சர், மெதுவா. புள்ளைங்க தூங்குது."

நான் என்ன செய்வேன்? என் தொண்டை கடைசிப் பெஞ்சுக்குக் கேட்கும்படி ஆண்டவர் கொடுத்த தொண்டை. அதை அடக்கி, என் வீட்டுச் சமையலறையில் யாருமில்லாதபோதும், நான் கிசுகிசுத்தேன். ரகசியக் குரலில் திட்ட முடியாது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். "அடிக் கழுதை" என்று கிசுகிசுத்தால் அது கொஞ்சல் ஆகிவிடுகிறது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும், வாயைச் சேலையால் பொத்திக்கொள்வாள்.

"பால் டம்ளர் இருக்கா?"

"இருக்குங்க."

"அதுல அரை டம்ளர் தண்ணி ஊத்து, பாலுன்னு வெச்சுக்கோ. அதுக்கு மேல இன்னும் மூணுல ஒரு பங்கு ஊத்து. இப்ப அரையை விட ஜாஸ்தியா, கொறைச்சலா?"

"ஜாஸ்திதான். ஊத்தினா ஏறத்தானே செய்யும்?"

"நீ எழுதின விடை அஞ்சுல ரெண்டு. அஞ்சுல பாதி எவ்வளவு?"

அவள் விரல் விட்டுப் பார்த்தாள். "ரெண்டரை."

"அப்ப ரெண்டு?"

அவள் டம்ளரைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், மறுபடி டம்ளரைப் பார்த்தாள். "அரையை விடக் கொறைச்சல்." ஒரு தொட்டில் அசைந்தது, கையை நீட்டி ஆட்டிவிட்டாள். "ஊத்த ஊத்தக் கொறையுதுன்னா மீதிப் பாலை யாரு டீச்சர் குடிச்சது?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

"அப்ப இத்தனை நாளும் நாந்தான் புள்ளைங்க பாலைக் குடிச்சிருக்கேன்," என்று சொல்லிவிட்டு, சத்தம் வராமல் உடம்பு குலுங்கச் சிரித்தாள். நானும் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தேன். பிறகு கீழ் எண்ணைச் சமமாக்குவது ஏன் என்று சொன்னபோது அவள் இரண்டாவது தடவை கேட்டாள், மூன்றாவது தடவையும் கேட்டாள். நானும் மூன்று தடவையும் கிசுகிசுத்தேன்.

அன்று சாயங்காலம் குழுவில் அவள் குரல் வந்தது. அரையும் மூன்றில் ஒன்றும், டம்ளர், பால், யார் குடித்தது என்று எல்லாவற்றையும் தன் பேச்சில் சொல்லியிருந்தாள். அந்த வாரம் அனுப்பிய கணக்குகளில் ஓரத்தில் "பால் குடிக்கலை" என்று எழுதியே எல்லோரும் அனுப்பினார்கள். காரட்டுக்காரர் மெஷின் இரைச்சலுக்கு நடுவே சொன்னார், "டீச்சர், இந்த ஹைப்ரிட்டுல விதை நிக்குமாட்ட இருக்குதுங்க."

பரீட்சைவரை அவளும் நானும் மத்தியானங்களில் கிசுகிசுத்துக்கொண்டே இருந்தோம். கொழுந்து குறைந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஹாலுக்கும் வந்தாள். அங்கே குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, எல்லோர் முன்னாலும், "டீச்சர், இன்னொரு தடவை சொல்லுங்க," என்று கேட்டாள். நான் சொன்னேன்.

ஊட்டியில் பரீட்சை எழுதினார்கள். கணக்குத் தேர்வு அன்று வெளியே வந்தவளை வாசலிலேயே பிடித்தேன். "என்னம்மா?" என்றேன். "தெரியலைங்க டீச்சர். எழுதியிருக்கேன்," என்றாள். அந்த நீல ரைட்டுக்குப் பிறகு அவள் எதையும் சுலபமாக நம்பத் தயாராக இல்லை. பெரிய ஆயா ஓய்வு பெற்றுப் போனார். இடம் காலியாக இருந்தது, ரிசல்ட் வரட்டும் என்று ஆபீசில் காத்திருந்தார்கள். புதிதாக ஒரு பெண் வந்து விசாரித்துவிட்டுப் போனதாக அவள் சொன்னாள்.

ரிசல்ட் வந்த அன்று நான் கோயமுத்தூரில் மகள் வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். பஸ் மலை ஏற ஆரம்பித்திருந்தது. மத்தியான நேரம். பர்லியார் தாண்டும்போது போன் துள்ளியது. காம்பராக்கா ஒரு படம் அனுப்பியிருந்தாள். திறந்தேன். மதிப்பெண் பட்டியல். ஒவ்வொரு பாடமாக இறங்கி வந்து கணக்கில் நின்றேன். பெரிய மார்க் இல்லை. ஆனால் தாண்டியிருந்தாள். கீழே தேர்ச்சி என்று இருந்தது.

எனக்குக் கண்ணாடி மங்கிவிட்டது. பக்கத்தில் இருந்தவர், "வாந்தி வருதுங்களா, ஜன்னல் பக்கம் வர்றீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். போனை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மறுபடி துள்ளியது. இந்தத் தடவை அவள் குரல். காதோடு ஒட்டிவைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது, அத்தனை ரகசியமாகப் பேசினாள். பிள்ளைகள் தூங்குகிற நேரம்.

"டீச்சர், நீலமாயிருச்சு. பாத்துட்டீங்கன்னு தெரியுது. ஆபீசுல காட்டினேன், நாளைக்குப் பெரட்டுல ஆயான்னு கூப்பிடுறேன்னு சொல்றாங்க. ஆனா நீங்க ஒண்ணும் சொல்லலையே. நீலம் ரைட்டு இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க. செவப்பு போடுங்க."

படத்தைத் திறந்து சிவப்பைத் தேர்ந்தெடுத்து விரலை வைத்தேன். பஸ் ஒரு வளைவில் ஒடித்துத் திரும்பியது. ரைட்டு தமிழ் மார்க்கில் தொடங்கி, கணக்கைத் தாண்டி, தேர்ச்சிக்கு மேலேறி, தாளைவிட்டே வெளியே போனது. அழித்துத் திருப்பிப் போட மனம் வரவில்லை. அப்படியே அனுப்பினேன்.

டவர் போய்விட்டது. படத்தின் ஓரத்தில் ஒரே ஒரு சாம்பல் டிக் கூட வரவில்லை. நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வளைவு வளைவாக ஏறினோம். காட்டேரி பார்க் பக்கம் ஒரு டிக் வந்தது. அப்புறம் இரண்டு. அப்புறம் வெகுநேரம் சாம்பலாகவே இருந்தது. அந்தக் குட்டி டிக் நீலமாவதற்குக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குள் பஸ் நுழைகிறபோது நீலமானது. உடனே அவள் குரலும் வந்தது. இந்தத் தடவை அவள் கிசுகிசுக்கவில்லை. போனைக் காதுக்குக் கொண்டுபோகும் முன்பே பஸ் முழுக்கக் கேட்டது.

"டீச்சர், இப்பத்தான் பாஸ் ஆனேன்."

அதற்குப் பின்னாலேயே தூக்கம் கலைந்த ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது, அதைக் கேட்டு இன்னொன்று.